அம்மாவுக்கு முழங்கால் வலி: தாலினா, வார்னமுண்டேவா?

வணக்கம். அம்மாவோடு போகப் பார்த்த இரண்டு பால்டிக் கப்பல் பயணங்களும் ஒரே மாதிரி, ஒரு நாள் மட்டும் ஒன்றில் எஸ்டோனியாவின் தலைநகர் தாலின், மற்றதில் ஜெர்மனியின் துறைமுக ஊர் வார்னமுண்டே, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் தாலினைத் தேர்ந்தெடுங்கள்.

வார்னமுண்டேயில் பலரும் இறங்குவது பெர்லின் பார்க்கத்தான். ஆனால் போக மட்டுமே ஏறக்குறைய 3 மணி நேரம். பாதி நாள் வண்டியிலேயே கழியும். மடக்கிய காலோடு அம்மா அவ்வளவு நேரம் உட்கார வேண்டாமே! பெர்லினுக்குத் தனியாக நான்கு நாள் ஒதுக்குங்கள், அந்த ஊருக்கு அதுதான் மரியாதை.

தாலினில் கப்பல் துறையிலிருந்து பழைய நகரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் தெருவெல்லாம் உருண்டைக்கல் பாவியது. அதனால் டாக்சியில் முதலில் பழைய நகரத்தின் மேல்பகுதியான தோம்பேயா குன்றுக்கு ஏறிவிடுங்கள். அங்கே கோஹ்டுஒட்சா என்ற காட்சிமுனையில் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கோபுரங்களும் பின்னால் கடலும் தெரியும். இறங்கும்போதும் டாக்சிதான், முழங்காலுக்கு இறக்கமே எதிரி. கீழே நகரமன்றச் சதுக்கத்தில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, 1422லேயே பதிவேட்டில் இருக்கும் மருந்துக்கடையை எட்டிப் பாருங்கள். இன்றும் மருந்து விற்கிறார்கள்!

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், கப்பல் நடுவில் இங்கிலாந்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும், இங்கிலாந்து அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் திரும்பி வருவது மறுபடி நுழைவதாகும்.