முழுக்க ஆண் குஞ்சு என்றார்கள், பாதிக்கு மேல் முட்டை கட்டியிருக்கிறது

கேள்வி: பாலக்கோடு பக்கம் பண்ணைக்குட்டையில் போர் தண்ணீர் விட்டு நீலக்கால் இறால் வளர்க்கிறேன். ஆண்தான் பெரிதாக வளரும் என்று சொல்லி, ‘முழுக்க ஆண்’ என்று கூடுதல் விலைக்குக் குஞ்சு கொடுத்தார்கள். நாலு மாதத்தில் பாதிக்கு மேல் வயிற்றடியில் முட்டை. ஓடும் சொரசொரப்பாக இருக்கிறது. வெயிலில் மரபணு மாறி ஆண் பெண்ணாகிவிட்டது, ஹார்மோன் பவுடரைத் தீவனத்தில் கலந்தால் சரியாகும் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் இறால் மாறவே இல்லை. வந்த அன்றே அவை பெண்தான்.

இறாலை ஆணாக்குவது ஐந்தாம் ஜோடி நடைகாலடியில் இருக்கும் ஆண்சுரப்பி. அது சுரப்பது இன்சுலின் வகைப் புரதம். சர்க்கரை நோயாளி இன்சுலினை ஊசியாகத்தானே போடுகிறார்? குடித்தால் செரித்துப் போகும். இந்தப் பவுடரில் நிஜமாகவே அந்தப் புரதம் இருந்தாலும் அதே கதிதான். திலேப்பியா மீன் குஞ்சை ஆணாக்கத் தீவனத்தில் கலக்கும் ஹார்மோன் வேறு ஜாதி, அது இறாலுக்கு ஆகாது.

மரபணு பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்த ஹார்மோனுக்கான மரபணு பெண்ணிடமும் உண்டு, ஆனால் மூடிக் கிடக்கும். டி.என்.ஏ.வின் எழுத்தைத் தொடாமல், மேலே ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறிகளால் மரபணுக்கள் திறந்து மூடுவதை இறால், நண்டுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். அதை வைத்து உங்கள் குட்டை வெயிலைக் குற்றம் சொல்வது பித்தலாட்டம். நிஜமான முழு ஆண் குஞ்சுக்கு வழி காட்டியது இஸ்ரேலின் அமீர் சாகி குழு. இளம் ஆணுக்கு ஆர்.என்.ஏ. ஊசி போட்டு அந்த மரபணுவை அடக்கினால் அது முட்டையிடும் தாயாகிறது. அதன் குஞ்சு அத்தனையும் ஆண். எல்லாம் பொரிப்பகத்தில் முடிகிற வேலை.

என்னைக் கேட்டால் வியாபாரி வாயை நம்பவே வேண்டாம், விரலை நம்புங்கள். வந்த குஞ்சைக் கண்ணால் பிரிக்க முடியாது. ஹாப்பாவில் (தண்ணீருக்குள் கட்டும் வலைத்தொட்டி) ஏழெட்டு கிராம் வரை வளர்த்து, நூறு இறாலை மல்லாத்திப் பாருங்கள். இனத்துளை ஐந்தாம் ஜோடிக் காலடியில் இருந்தால் ஆண், மூன்றாம் ஜோடியில் இருந்தால் பெண். ஒரு மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் குட்டையில் விட்டவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது அந்தச் சொரசொரப்பைத்தான். நம் மாவட்டத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் ஓட்டில் சுண்ணாம்பு படியும், வளர்ச்சி நிற்கும். ஆண் குஞ்சே விட்டிருந்தாலும் இந்த நஷ்டம் வந்திருக்கும். முட்டை இறாலையும் பெரியதையும் வலைபோட்டு எடுத்து விற்றுவிடுங்கள். தண்ணீரைப் பரிசோதித்து, ஏரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கலந்த பிறகு அடுத்த குஞ்சைப் பற்றிப் பேசலாம்.