பின்னுக்கு ஒற்றைச் சில்லா, இரட்டைச் சில்லா? செங்கலடி டயர்க் கடையிலிருந்து கேள்வி பதில்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த நாளிலிருந்து, எங்கள் பக்கத்தில் கெப் (பிக்கப்), லொறி வாங்குகிற கதை கூடிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி விலை, இரண்டாவது கேள்வி சில்லு, அதாவது பின்சக்கரம் ஒற்றையா இரட்டையா என்பது. பதினொரு வருடம் லொறி ஓடி, அதற்குப் பிறகு செங்கலடியில் டயர்க் கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் நாலு சில்லு என்றால் ஒற்றை. டிமோ பட்டா, பொலேரோ, ஹைலக்ஸ் எல்லாம் இந்த வகை. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் ஆறு என்றால் இரட்டை. எல்ஃப், கன்டர், டைனா லொறிகளில் கூடுதலாக இதைத்தான் காண்பீர்கள்.

வவுணதீவு: அண்ணே, எனக்குப் பன்னிரண்டு ஏக்கர் வயல். உரம் கொண்டு போகவும் நெல்லு ஏத்தவும் ஒரு வாகனம் வேணும். சிங்கிள் சில்லு கெப் காணுமா, பத்தரை அடி லொறி எடுக்கவா?

தம்பி, வாகனத்தைப் பார்க்க முதல் உங்கள் வருடத்திலேயே பாரம் கூடின நாளைப் பாருங்கள். அன்றைக்கு ஒரு நடையில் எத்தனை மூட்டை? 60 கிலோ மூட்டை இருபது என்றால் 1,200 கிலோ. இப்போது டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பார எண் 106 என்று இருந்தால் அந்த டயர் 950 கிலோ தாங்கும். பின்னுக்கு இரண்டு டயர், ஆகவே 1,900 கிலோ. வெறும் கெப் நிற்கும்போதே பின் அச்சில் அறுநூறு எழுநூறு கிலோ நிற்கும். அதைக் கழித்தால் கிட்டத்தட்ட 1,200. அதாவது இருபது மூட்டையோடு உங்கள் டயர் தன் எல்லையில் நிற்கிறது. இருபத்தோராவது மூட்டையைத் தூக்கிப் போடும்போது கெப் ஒன்றும் சொல்லாது. ஆனால் பகல் பன்னிரண்டு மணி வெயிலில், கொதிக்கிற தார் வீதியில் டயர் சொல்லும். அச்சும் ஸ்பிரிங்கும் டயரை விடக் குறைவாகத் தாங்குகிற வாகனங்களும் உண்டு. ஆகவே கொம்பனி கொடுத்த பாரக் கணக்கைத் தாண்டவே வேண்டாம்.

இந்தக் காலத்தில் அறுவடை நாளில் வட்டைக்கே, அதாவது வயல்வெளிக்கே, லொறி வந்து நெல்லை எடுத்துக்கொண்டு போகிறது. உங்களிடம் மிச்சப்படுவது விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் உர மூட்டையும்தான். அதற்காக ஆறு டயருக்கும் லீசிங்குக்கும் காசு கட்டத் தேவையில்லை. ஒற்றைச் சில்லு கெப் எடுங்கள். கூலிக்கும் ஓடப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. கூலிக்கு வாகனம் பிடிக்கிறவன் எப்போதும் ஐந்து மூட்டை கூடத்தான் ஏற்றுவான். அப்போது இரட்டைச் சில்லு லொறியே சரி.

சம்மாந்துறை: காக்கா, டயர்ல 106/104 எண்டு ரெண்டு நம்பர் கெடக்கே. ரெட்டையாப் போட்டா ஒரு டயர் தாங்குற பாரம் குறையுமா?

குறையும். முதல் எண் அந்த டயரை ஒற்றையாகப் போட்டால், இரண்டாவது எண் இரட்டையாகப் போட்டால். 106 என்றால் 950 கிலோ, 104 என்றால் 900 கிலோ. ஒற்றையில் இரண்டு டயர் 1,900 தாங்கும். இரட்டையில் நாலு டயர் 3,600 தாங்கும், 3,800 அல்ல.

காரணம், இரண்டு டயரும் பாரத்தைச் சரிபாதியாகச் சுமப்பதில்லை. எங்கள் வீதிகள் நடுவில் உயர்ந்து, தண்ணீர் ஓட ஓரத்தில் சரிந்திருக்கும். ஆகவே ஒரு நேரம் உள் டயருக்குக் கூடுதல் பாரம், ஒரு நேரம் வெளி டயருக்கு. இரண்டும் ஒட்டி நிற்பதால் நடுவில் காற்றோட்டமும் குறைவு. உள் டயருக்குப் பக்கத்திலேயே பிரேக் டிரம் இருக்கிறது, அந்தச் சூடும் அதற்குத்தான். இவ்வளவையும் நினைத்துத்தான் எண்ணைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இதோடு ஒன்று. ஜோடி டயர்கள் இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும். எல்ஃப், கன்டர் அளவு டயர்களில் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல், அதாவது 6 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. இரண்டு டயரும் ஒரே அச்சில் பூட்டியவை, ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். புதுடயரையும் தேய்ந்த டயரையும் சோடி சேர்த்தால், உயரமானது பாரத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும், கட்டையானது வீதியில் உரஞ்சி உரஞ்சித் தேயும். ஒரு டயர் வாங்கக் காசை மிச்சப்படுத்தி இரண்டு டயரைத் தொலைக்கிறவர்களை மாதம் ஒருவரையாவது கடையில் காண்கிறேன், மனம் வருந்துகிறது.

ஆயித்தியமலை: மாரியில எங்கட வட்டை வீதி சேறும் சுரியும். நாலு டயர் இருந்தா புதையாது எண்டு சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. பாரம் ஏற்றின இரட்டைச் சில்லு, மேல்மண் இறுகின ஈரத்தரையில் நல்லாப் போகும். அகலமாக மிதிக்கிறது, பாரம் பரவுகிறது. அதே லொறி வெறுமையாகத் திரும்பி வரும்போதுதான் கூத்து. நாலு டயருக்கும் போதிய பாரம் இல்லை, மண்ணைக் கடிக்காமல் மேலே மேலே வழுக்கும். களிமண் என்றால் இரண்டு டயருக்கும் நடுவில் அப்பி, கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே உருளையாகிவிடும். பூ (தரையைக் கடிக்கிற வெட்டு) இல்லாத டயர் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும்.

இன்னொன்று தடம். மிசின்பெட்டி, அதாவது டிராக்டர் பெட்டி, போய்ப் போய் வட்டை வீதியில் இரண்டு பள்ளத் தடம் விழுந்திருக்கும். ஒற்றைச் சில்லு கெப்பின் பின்சில்லு முன்சில்லு போன தடத்திலேயே போகும். இரட்டையில் ஒரு சில்லு பள்ளத்தில், மற்றது தடத்தின் வரம்பில் ஏறி நிற்கும். லொறி சரிந்துகொண்டே போகும், பாரமெல்லாம் ஒரு டயரில். வாய்க்கால் மதகில் இன்னும் கவனம். முன்சில்லு மதகில் சரியாக ஏறினால் பின்னுக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வெளிச்சில்லு முன்சில்லை விட வெளியே நிற்கிற லொறிகள் உண்டு. மதகு ஓரம் உடைந்திருந்தால் அந்தச் சில்லு அந்தரத்தில்தான்.

உங்கள் வீதிக்கு என்னைக் கேட்டால், நாலு சில்லும் இழுக்கிற ஒற்றைச் சில்லு கெப். பாரம் கூடின நாளில் மிசின்பெட்டி பிடியுங்கள், அதற்கு இணையாக வட்டைக்குள் எதுவும் இல்லை.

கரடியனாறு: கிறவல் வீதியில இரட்டைச் சில்லுக்கு நடுவுல கல்லு இறுகுது. ஓடினா தானா விழுந்திடுமா?

மனே, விழாது. விழுந்தாலும் ஆபத்து. ஓட்டத்தில் தெறிக்கிற கல் பின்னால் மோட்டார்சைக்கிளில் வருகிறவரின் நெஞ்சில் படும். விழாமல் நின்றால் இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அறுக்கும். போன கிழமை ஒரு லொறி வந்தது. முட்டையளவு கல், மேல் பக்கம் மழுங்கி, கீழ் முனை கத்தி மாதிரி. உள் டயரைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு, அதற்குள் விரல்நகம் இறங்கியது. அந்த டயரை நான் திரும்பப் பூட்டிக் கொடுக்கவில்லை.

கிறவலில் இருந்து தார் வீதிக்கு ஏறுகிற இடத்தில் நிறுத்திக் குனிந்து பாருங்கள், இரண்டு பக்கமும். கல் இருந்தால் வெளி டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, பக்கத்தில் நின்று அலவாங்கால் நெம்புங்கள். முகத்தை நேரே கொடுக்காதீர்கள். வராவிட்டால் ஜெக் போட்டு வெளிச் சில்லைக் கழற்றத்தான் வேண்டும். பிறகு இறக்கின காற்றை அடிக்க மறக்க வேண்டாம்.

களுவாஞ்சிகுடி: இரட்டைச் சில்லு எண்டா ஒண்டு பஞ்சரானாலும் மற்றது தாங்கும்தானே? அதுதானே பெரிய வாசி?

வாசிதான், ஆனால் அந்த நம்பிக்கைதான் என்னை ஒருமுறை விழுத்தியது. வெலிமடையில் மரக்கறி ஏற்றி, பதுளை வீதியால் இரவில் இறங்கி வந்தேன். லுணுகலை இறக்கம் முழுக்கப் பிரேக். மகா ஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, வழக்கம்போல வெளி டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன், இரும்பு மாதிரி இருந்தது. உள் டயரை நான் பார்க்கவில்லை. அது எப்போதோ காற்று இறங்கி, பிரேக் சூட்டையும் வாங்கிக்கொண்டு நசுங்கி நசுங்கி வந்திருக்கிறது. புல்லுமலைக்குக் கிட்ட எரிந்த றப்பர் மணம், பிறகு வெடிச்சத்தம். இறங்கிப் பார்த்தால் உள் றிம்மில் கம்பியும் புகையும்தான். சரி, வெளி டயர் இருக்கிறதே என்று மெல்ல ஓடினேன். ஒரு பக்கத்துப் பாரம் முழுவதையும் அது எத்தனை கிலோமீற்றர் சுமக்கும்? அதுவும் போனது. கையில் ஒரே ஒரு மாற்றுச் சில்லு, யானை நடமாடுகிற இடம், விடியும்வரை லொறிக்குள்ளேயே இருந்தேன்.

ஆகவே ஒன்று போனால் மற்றது, அடுத்த பாதுகாப்பான இடம் வரைக்கும் மட்டும்தான் தாங்கும், அதுவும் பாரத்தைக் குறைத்தால். ஒற்றைச் சில்லில் டயர் வெடித்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், உடனே தெரியும். இரட்டையில் உள்ளது செத்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இரட்டைச் சில்லின் நன்மையும் அதுவே, தீமையும் அதுவே.

காலையில் டயர் சூடாக முதல், ஆறு டயரையும் காற்று மானியால் அளந்து பாருங்கள். உள் டயர் வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டால் கை எட்டும், கடையில் பூட்டும்போதே கேளுங்கள். இரண்டு வால்வும் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி பூட்டச் சொல்லுங்கள். வழியில் நிறுத்தினால் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். காற்று நிறைந்த டயரில் சுத்தியல் துள்ளித் திரும்பும், இறங்கினதில் 'தொப்' என்று அமுங்கும். கொஞ்சமாகக் குறைந்திருப்பதைச் சுத்தியல் காட்டாது, அதற்கு மானிதான். இந்தப் பழக்கம் வராது என்று நினைக்கிறவர் ஒற்றைச் சில்லோடு நிற்பதே நல்லது.

அக்கரைப்பற்று: என்ட சிங்கிள் சில்லு கெப்ப டபுளாக்கித் தாறண்டு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

வேண்டாம் காக்கா. நடுவில் துண்டு வைத்து இன்னொரு றிம்மைப் பூட்டினால் டயர் கூடும், அச்சும் பெயாரிங்கும் பிரேக்கும் சேசியும் அதேதான். வெளியே தள்ளி நிற்கிற சில்லு பெயாரிங்கைத்தான் தின்னும். பிரேக் பழைய பாரத்துக்குச் செய்தது.

வாழைச்சேனை: மீன் பெட்டி ஏத்த கடற்கரை மணலுக்குள்ள இறங்கோணும். எது நல்லம்?

ஒற்றை. மணலில் பின்சில்லு முன்சில்லு இறுக்கின தடத்தில் போனால் பாதி வேலை முடிந்தது. இரட்டையின் பின்சில்லு புது மணலையும் தள்ள வேண்டும். டயர்க் காற்றைக் குறைத்து இறங்குங்கள், தார் வீதிக்கு ஏறினதும் திரும்ப அடித்துவிட்டுத்தான் பாரத்தோடு ஓட வேண்டும். ஐஸோடு டன் கணக்கில் கொழும்புக்குப் போகிறதென்றால் இரட்டைச் சில்லுக் கூலர் லொறியை மேலே வீதியில் நிறுத்தி, பெட்டியை ஆளைக் கொண்டு ஏற்றுங்கள்.

டொரன்டோ (ஊர் கல்லடி): இங்க எஃப்-350, ராம் 3500 பிக்கப் எல்லாம் ரெண்டு விதத்திலயும் வருது. வீட்டு டிரெய்லர் ஒண்டு இழுக்கப் போறன். எது எடுக்க?

டிரெய்லரின் பாரத்தைச் சொல்லவில்லையே மச்சான். பெட்டிக்குள் கொக்கி பூட்டி இழுக்கிற ஐந்தாம் சில்லு வகை என்றால், டிரெய்லர் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரே உங்கள் பின் அச்சில் இறங்கும். 15,000 இறாத்தல் டிரெய்லர் என்றால் 3,000 இறாத்தல், நம் கணக்கில் 1,360 கிலோ. அதற்கு இரட்டைச் சில்லு. பக்கக் காற்று அடித்தாலும், பெரிய லொறி கடந்து போனாலும் பின்பக்கம் ஆடாமல் நிற்கும். பின் பம்பரில் இழுக்கிற சின்ன டிரெய்லருக்கு ஒற்றை தாராளம்.

ஆனால் இரட்டைச் சில்லு எடுத்தால் பின்பக்கம் கிட்டத்தட்ட 8 அடி அகலம். தினம் வேலைக்கும் கடைக்கும் அதிலேதான் போகப்போகிறீர்கள் என்றால் நிறுத்துமிடம் தேடியே களைத்துவிடுவீர்கள். பனியில் வெறும் பெட்டியோடு வழுக்கும், எங்கள் சேற்றில் வழுக்குகிற அதே காரணத்தால். குளிர்கால டயரும் ஆறு வாங்க வேண்டும்.

காரைதீவு: இரட்டைச் சில்லு லொறி ஓட பீ லைசன்ஸ் காணுமா?

மொத்தப் பாரம், அதாவது வாகனமும் சாமானும் சேர்ந்து, 3,500 கிலோவுக்கு மேல் என்றால் காணாது, சி1, அதாவது இலகு லொறி லைசன்ஸ் வேண்டும். சில்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள்.

திருக்கோவில்: அண்ணா, அவர் பழைய எல்ஃப் ஒண்டு பார்த்து வச்சிருக்கார், இரட்டைச் சில்லு. நாங்க என்னத்தப் பார்த்து எடுக்கோணும்?

தங்கச்சி, கேட்டது நல்லது. விற்கிறவர்கள் சிலர் பூ நல்லாத் தெரிகிற டயரை வெளியில் போட்டு, நூல் தெரிகிற டயரை உள்ளுக்குப் போட்டிருப்பார்கள். உள் டயரின் பூவும் பக்கச் சுவரும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்குகிற வரிசையில் கடைசி நாலு எண் செய்த கிழமையும் வருடமும். 2319 என்றால் 2019இன் 23ஆம் கிழமை. ஆறுக்கும் பாருங்கள்.

றிம்மில் நட் துளையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, நட்டிலிருந்து துருக்கோடு ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். துருக்கோடு இருந்தால் அந்தச் சில்லு இளகி ஓடியிருக்கிறது. பழைய ஜப்பான் லொறிகளில் இடப் பக்கத்து நட் எதிர்ப்பக்கமாகத் திரும்பும், சாதாரணமாகத் திறக்கிற பக்கம் திருகினால் இன்னும் இறுகும். அது தெரியாமல் குழாய் போட்டு மிதித்து ஆணியை முறித்தவர்கள் பலர். உள் சில்லுக்கு ஒரு நட், வெளிச் சில்லுக்கு இன்னொரு நட். உள்ளதை இறுக்க வெளியதை முதலில் தளர்த்த வேண்டும். சில்லு கழற்றிப் பூட்டினால் ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்ப ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு டோச் லைட் கொண்டு போங்கள். பட்டப்பகலிலும் உள் சில்லுக்கு வெளிச்சம் போதாது.