மினியாபொலிஸ் ஜனவரி: தெருவில் நிற்கும் காரும் 3 வயதுக் குழந்தையும்

வணக்கம். ஜனவரியில் 3 வயது மகளோடு அமெரிக்காவின் மினியாபொலிஸ் வருகிறோம், கார் தெருவில்தான் நிற்கும், குளிர் முடியும்வரை வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

முதலில் கார். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். தெருக்களில் பனியை அள்ள நகராட்சி 'ஸ்நோ எமர்ஜென்சி' (பனி அவசரநிலை) அறிவித்தால், முதல் நாள் இரவு 9 முதல் காலை 8 வரை, அவசரப் பாதை என்று பலகை வைத்த தெருக்களில் இரு பக்கமும் நிறுத்தக் கூடாது. இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை, மற்ற தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகள் இருக்கும் பக்கம். மூன்றாம் நாள் அதே நேரம் ஒற்றைப்படைப் பக்கம். மீறினால் அபராதம், கூடவே வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள்.

குழந்தைக்கு உள்ளாடை பருத்தியில் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு சில்லிட்டுவிடும். மெல்லிய கம்பளி நல்லது. கையுறை விரல் பிரியாததாக இருக்கட்டும். மிக முக்கியம்: தடித்த கோட்டோடு கார் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். மோதலில் கோட்டின் பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, மேலே போர்த்திவிடுங்கள்.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் மணிக்கு 24 கிமீ காற்றும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் தோல் உறையலாம். அன்று பக்கத்து ஊர் செயின்ட் பாலின் கோமோ கண்ணாடித் தோட்டத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, உள்ளே பனைமரமே நிற்கிறது.