ஐம்பது வயதில் நேர்மையாக ஒரு தொழில் தொடங்கலாமா?

மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டுவிட்டு, கடைசியில் உங்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஐம்பது வயதாகிறது, ஆட்களுக்கு நியாயமான கூலி கொடுத்து ஒரு சின்னத் தையல் யூனிட் நடத்த ஆசை, இது பைத்தியக்காரத்தனமா என்று. இல்லவே இல்லை. மகனின் படிப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இதை முதலில் பேசிவிடுவோம்.

வயதை நினைத்துப் பயப்படாதீர்கள். அமெரிக்காவில் தொழில் தொடங்கியவர்களை வைத்து பியர் அசூலேயும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது. உங்களுக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். இத்தனை வருடம் ஆயத்த ஆடை செக்கிங்கில் இருந்தவர் நீங்கள், எந்த இடத்தில் தையல் பிரியும், எந்த மாதிரி ஆள் பேமென்ட்டை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் உங்களுக்குப் பார்த்ததும் தெரியும். தெரியாத துறையில் இறங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய வயதை விட அவர் போட்ட கணக்கைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பணம் கட்டுகிறவர்களிடம் வந்த வருமானத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது, நிறையப் பேருக்கு ஒரே ஒழுங்கில் அறுவைச் சிகிச்சை செய்ததால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறைந்தது. லாபம் வந்த பிறகு நல்லது செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

நீங்களும் அப்படித்தான் கணக்குப் போட வேண்டும். நியாயமான கூலி, ஓவர்டைமுக்குத் தனிப் பணம், விடுப்பு, இவற்றை முதலில் எழுதிவிட்டு அதன் மேல் துணி, வாடகை, மின்சாரம், வேஸ்ட் எல்லாவற்றையும் சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு வராத ஆர்டரை விட்டுவிடுங்கள். முதல் ஆர்டர் ஆயிற்றே என்று ஒருமுறை குறைத்துக் கொடுத்தால் அப்புறம் கூலியில்தான் கை வைப்பீர்கள், நல்ல மனசோடு தொடங்கியவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு ஆபத்து, கையில் ஓடுகிற பணம். சரக்கு போய்ச் சேர்ந்து 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் வரும், ஆட்களுக்கோ வாராவாரம் கூலி கொடுத்தாக வேண்டும், காகிதத்தில் லாபம் காட்டிக்கொண்டே மூடிப்போகிற யூனிட்கள் இப்படித்தான் மூடுகின்றன. அதனால் பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, எடுத்து மாட்டிக்கொள்ளாமல், அட்வான்ஸ் தருகிற சின்ன ஆர்டர்களில், சீருடை மாதிரியான வேலைகளில் தொடங்குங்கள். குறைந்தது மூன்று மாதக் கூலி தனியாக இருக்கட்டும். மகனின் கல்விக் கட்டணத்தையும் உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பையும் தொடவே கூடாது, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலையை உடனே விட வேண்டாம். வெளியே தொழில் செய்ய உங்கள் வேலை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள், அனுமதித்தால் ஓய்வு நேரத்தில் இரண்டு மூன்று ஆர்டர் முடித்துப் பாருங்கள். இப்போதைய முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நேர்மை அங்கிருந்தே தொடங்க வேண்டும் இல்லையா?

மகன் கணக்கு எழுத உதவினால் அவனுக்கும் கூலி கொடுங்கள், ஆனால் யூனிட்டுக்கு உதவும் என்பதற்காக அவன் படிப்பை முடிவு செய்யாதீர்கள். அடுத்த முறை எழுதும்போது ஒரே ஒரு சட்டைக்கு ஆகும் முழுச் செலவையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.