29(2) ஏன் அகப்படவில்லை

சிறுபான்மையினர் பாதுகாப்புப் பிரிவு எனப்படும் 29(2)ஐ 1947 இலங்கைச் சுதந்திரச் சட்டத்தில் தேடியும் அகப்படவில்லை என்கிறீர்கள். அந்தச் சட்டத்தில் அது கிடையாது. அது 1946 அரசாணையில், அதாவது சோல்பரி அரசியலமைப்பில் இருக்கிறது. களுவாஞ்சிகுடியில் உங்கள் உயர்தர மாணவர்கள் குழம்பியதும் இதனால்தான் இருக்கும்: இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம்.

கையிலுள்ள ஆவணத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பிரித்தானியப் பாராளுமன்றம் இனி இலங்கையின் வேண்டுகோளும் சம்மதமும் இல்லாமல் இங்கு சட்டமியற்றாது என்று தொடங்கினால், அது 1947 சட்டம். ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் தடையோ சலுகையோ விதிக்கக்கூடாது என்பதே 29(2).

ஆனால் '29(2) சிறுபான்மையினரைக் காத்தது' என்று மட்டும் எழுதிக்கொடுக்காதீர்கள். மலையகத் தமிழரின் வாக்குரிமை பற்றிய கோடகன்பிள்ளை வழக்கில் 1953இல் லண்டனில் இருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போயும் அது கைகொடுக்கவில்லை. மாணவர் அவசியம் அறியவேண்டிய இடம் இது. 1972 மே 22 குடியரசு யாப்பில் அந்தப் பிரிவே இல்லை.