ராணிப்பேட்டை குரோமியம்: மழைநீர், கிணற்றுநீர் கேள்வி பதில்

ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவுக் குவியல் ஒன்றரை லட்சம் டன் என்று ஒரு கணக்கு, 2.27 லட்சம் என்று இன்னொரு கணக்கு. நிலத்தடி நீரில் மாதிரி எடுப்பதுதான் என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மழை வந்தால்தான் வடிகாலில் மஞ்சள் தண்ணீர் ஓடுகிறது. கோடையில் பயமில்லையா அண்ணா?

கோடையில்தான் அது சேர்கிறது தம்பி. ஈரம் மண்ணுக்குள்ளிருந்து மேலேறி ஆவியாகும்போது குரோமேட் உப்பு மேலேயே தங்கிவிடும். ஒரு மதில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பொடி பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். காரை உதிர்ந்த இடமெல்லாம் அதே நிறம். வடகிழக்குப் பருவத்தின் முதல் நல்ல மழை அதை வாரிக்கொண்டு ஓடும். அதனால் வடிகால் மாதிரியை முதல் அரை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மழை விட்டபின் போனால் கழுவி முடிந்த தண்ணீர்தான் கிடைக்கும், அறிக்கையும் நன்றாகவே வரும். அதே மழை குவியலுக்குள்ளும் இறங்குகிறது. அது பக்கத்துக் கிணற்றில் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அப்புறம், எந்தக் கிணறாக இருந்தாலும் முதலில் நீர்மட்டத்தை அளங்கள். மட்டம் குறிக்காத மாதிரியை வைத்து எதையும் பேச முடியாது.

எங்கள் போர் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. குடிக்கலாமா சார்?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதைப் பல மடங்கு தாண்டிய பிறகுதான் மஞ்சள் தெரியும். லேபில் கொடுங்கள்.

டிடிஎஸ் மீட்டரில் 600 காட்டுகிறது. குடிக்கலாமா?

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், குரோமியத்தைத் தனியாகக் காட்டாது. லேப்.

கொதிக்க வைத்தால்?

போகாது. தண்ணீர் வற்றும், குரோமியம் அப்படியே நிற்கும். குடிக்கலாமா என்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதே பதில்தான்.

மாணவி: பாட்டிலில் ஆசிட் விட வேண்டுமா?

மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விடலாம். குரோமியம் 6, அதாவது அந்த மஞ்சள் குரோமேட்டில் இருக்கும் நச்சு வடிவம், பார்க்கும் பாட்டிலில் விடவே கூடாது. அமிலத்தில் அது குரோமியம் 3 என்ற நச்சு குறைந்த வடிவமாக மாறிவிடக்கூடும், லேப் ‘இல்லை’ என்று எழுதிவிடலாம். அங்கேயே வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடு. மட்டம் அளந்தாயா?

கையில் புண் ஆறவே இல்லை.

தோல் மருத்துவரிடம் உடனே போங்கள். குவியல் பக்கம் வேலை செய்வதை மறக்காமல் சொல்லுங்கள்.

தோல் பதனிடும் ஷாப்புகளை விட்டுவிட்டு மூடிய ஆலையையே குற்றம் சொல்கிறீர்களே?

இந்த ஒரு கேள்விக்குக் கீழே இன்று பாதிப் பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் 3. அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், அதிகம் நகராது. அதோடு கூடவே உப்பு வரும், குளோரைடு ஏறும். ஆலை தாதுவை வறுத்து எடுத்தது குரோமியம் 6. அது தண்ணீரோடு தண்ணீராகப் போகும். கிணற்றில் குளோரைடு மட்டும் எகிறினால் தோல் கழிவைச் சந்தேகப்படுவேன். குரோமியம் 6 எகிறினால் குவியலைத்தான்.

மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் 3 கூட 6 ஆகுமே ஐயா?

ஆகும், அது சரியான வாதம். ஆனால் மெதுவாக, கொஞ்சம்தான். குவியலை ஒட்டிய கிணற்றில் மழைக்குப் பின் திடீரென ஏறுவதை அதை வைத்து விளக்க முடியாது. குவியலுக்கு மேட்டுப்பக்கம் ஒரு கிணறு, பள்ளப்பக்கம் குறைந்தது இரண்டு என்று சேர்த்துப் பார்த்தால் இந்தச் சண்டை தீரும். மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது, அப்போதுதான் நீரோட்டத் திசை கிடைக்கும். பாலாறு இருக்கும் திசையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நாள் முழுக்க ஓடும் ஒரு வயல் மோட்டார் போதும், தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

எங்கள் அண்ணன் கிணறு மேட்டுப்பக்கம்தான். எடுக்கலாமா?

எடுக்கலாம். மோட்டார் போடுவதற்கு முன்னால் மட்டத்தை அளந்து, மணியோடு எழுதி வையுங்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை.