நாலாம் நாள் செத்த கன்று: பாலில் கோளாறா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இறைச்சிக்காகப் பன்னிரண்டு மாடுகள் வளர்க்கிறேன். கெடா-கிளந்தான் என்ற மலேசிய நாட்டு இனக் கிடாரி ஒன்று, பெரிய உடம்புள்ள பிராமன் இனக் காளைக்குச் சினையானது. தலைச்சன் ஈற்று. காலையில் நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் கன்றை எடுத்தோம். நாக்கு வீங்கியிருந்தது. சாயங்காலம்தான் எழுந்து நின்றது. நாலாம் நாள் கழிச்சலில் செத்துவிட்டது. தாய்ப்பாலில் ஏதும் கோளாறா?

பதில்: பால்மேல் பழி போடாதீர்கள் ஐயா. கழிச்சல் வந்தது நாலாம் நாள், ஆனால் கோளாறு பெரும்பாலும் பிறந்த அன்றே தொடங்கியிருக்கும்.

மாட்டுக்கன்று நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக அது போய்ச் சேராது. சீம்பால்தான் ஒரே வழி. அதையும் குடல் முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரத்தில் அந்த வாசல் ஏறக்குறைய அடைத்துவிடும். நெடுநேரம் சிக்கிப் பிறந்த கன்றுக்கு மூச்சுக்காற்று குறைந்து, இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். அது மந்தமாகக் கிடக்கும், எழாது, மடி தேடாது. வீங்கிய நாக்கால் சப்பவும் முடியாது. உங்கள் கன்று சாயங்காலம் எழுந்தபோது அந்த ஆறு மணி நேரம் போய்விட்டது.

அடுத்த முறை கன்று விழுந்ததும் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். பல தோட்டங்களில் இன்னும் செய்கிறார்கள். வாய்வழி ஒழுகுவது பெரும்பாலும் வயிற்று நீர். குடல் கீழே சரிந்து நுரையீரலை அழுத்துவதுதான் மிச்சம். நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து, மூக்கினுள் லாலான் புல் தண்டால் குத்தித் தும்ம வையுங்கள். சாக்கால் அழுத்தித் துடையுங்கள். மழையில் நனைய விடாதீர்கள், இப்படிப்பட்ட கன்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். தொப்புளை அயோடினில் முக்குங்கள்.

அப்புறம் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். சப்பினால் தாயைக் கறந்து இரண்டு மணி நேரத்துக்குள் புட்டியில் கொடுங்கள். 20 கிலோ கன்றுக்கு மொத்தம் 2 லிட்டராவது வேண்டும். சப்பாவிட்டால் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். குழாய்வழி கொடுக்கப் பழகியவரையோ கால்நடை மருத்துவரையோ கூப்பிடுங்கள்.

நாலு பேர் இழுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. விலா எலும்பு முறியும். மாடு முக்கும்போது மட்டும், இரண்டு பேர், ஒரு கால் மாற்றி ஒரு காலாக இழுத்தால் போதும். அதற்கும் வரவில்லையென்றால் கன்று திரும்பிக் கிடக்கலாம், அல்லது வழிக்கு மீறிப் பெரிதாக இருக்கலாம். அது மருத்துவர் வேலை.

கெடா-கிளந்தான் சின்ன உடம்பு. தலைச்சனுக்கே பிராமன் காளை வேண்டாம், சொந்த இனத்துக் காளையே போதும். கிடாரியும் வளர்ந்த மாட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகு காளைக்கு விடுங்கள். கலப்புக் கன்று வேண்டுமென்றால் இரண்டாம் மூன்றாம் ஈற்றில் பார்த்துக்கொள்ளலாம்.